தொண்ணூறு கிராம் சிவப்பு

நான் இரவு வேலைக்குப் போன நேரம் பார்த்து
றோலண்ட் சாயம் அடித்துவிட்டான்.
எய்லரோன் இரண்டிலும் சிவப்புப் பட்டி,
மூன்று பூச்சு, மேலே ஒரு மினுக்கம்.
லிண்ட்சேயில் அன்று கழித்தல் இருபத்திரண்டு.
ஹாங்கரின் புரோப்பேன் அடுப்பு
ஒரு கன்னத்தை மட்டும் சுட்டது.
வடிவாய்த்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

கத்தி விளிம்பில் கீலை ஏற்றினேன்.
போன கிழமை மட்டமாய்க் கிடந்த அதே தகடு
வாலைத் தொங்கப்போட்டது.
"சாயம்தானே," என்றான்.
சாயம்தான்.
இன்றைய எடையில் பழைய எடையைக் கழித்தேன்:
ஒவ்வொன்றிலும் தொண்ணூறு கிராம்.
ஒன்றரை முட்டை.
ஆனால் கீலுக்குப் பின்னால் ஏறிய ஒன்றரை முட்டை
சும்மா கிடக்காது.

ஃபிளட்டர் என்பார்கள் இங்கே.
நான் எனக்குள் படபடப்பு என்பேன்.
மெல்லப் போகும்வரை தெரியவே தெரியாது.
ஒரு வேகம் வரும்,
காற்றின் ஆட்டத்துக்குத் தகடு தாளம் போடும்,
தகட்டின் தாளத்துக்குக் காற்று இன்னும் ஆடும்.
என்னவென்று நீ கேட்டு முடிப்பதற்குள்
இறக்கை இருக்காது.

படபடப்புக்கு மாத்திரை
எண்ணிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
வெள்ளை, வட்டம், நடுவில் பிளவு.
காலையில் அரை.
வாங்குகிற எல்லாரும் கேட்பது ஒன்றுதான்:
இதைப் போட்டால் களைப்பு வருமா?
வரும். கொஞ்சம் வரும்.

றோலண்டுக்குக் களைப்பு வேண்டாம்.
மோட்டார்சைக்கிளை விற்றுப்
புது புரொப்பெல்லர் வாங்கியவன்.
பத்து நொட் கூடத் தருமாம்.
"ஆறு வருடம்," என்றான்,
"இருக்கையின் பஞ்சைக்கூட நிறுத்து வெட்டினோம்.
இப்போது ஈயம் ஏற்றச் சொல்கிறாயா?"
"அப்படியென்றால் சிவப்பைச் சுரண்டு."
இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் மேசையில் ஒரு பை.
தம்பியின் பழைய தோட்டாக்களைப் பிரித்துக் கொட்டிய
ஈயக் குண்டுகள்.
சிவப்பை விட அவனுக்கு மனம் வரவில்லை.
கேட்கவுமில்லை நான்.

பின்னால் ஒன்று ஏறினால்
முன்னால் மூன்றரைக்கும் கொஞ்சம் மேலே.
கீலுக்கு முன்னே இருக்கிற இடம் அவ்வளவு குறுக்கம்.
தொண்ணூறுக்கு முந்நூற்று முப்பது.
பெரும்பங்கைக் கடைத் தராசில் நிறுத்துக் குழாயில் இட்டேன்.
மிச்சத்தை மாத்திரைத் தட்டில் பரப்பி
ஐந்தைந்தாய்த் தள்ளினேன்;
கைக்கு வேறு எண்ணத் தெரியாது.
கடைசி ஏழு குண்டில் தகடு மட்டமாயிற்று.
அவன் மூச்சை விட்டான்.
அதற்கும் அசைந்தது.

பிறகு பசை ஊற்றி மூடினோம்.
பிறகு மற்றது.

மே மாதம், காற்றில்லாத விடியல்.
முதுகில் பாராசூட், தொடையில் பென்சில்.
நூற்று இருபது நொட்: ஸ்டிக்கில் ஒரு தட்டு.
காத்திரு.
அசைந்தது, அடங்கியது.
நூற்று முப்பது. தட்டு. அடங்கியது.
நூற்று நாற்பது.
கீழே ஸ்கூகொக் ஏரி, பனி விட்டுப்போன சேற்று நிறம்.
நூற்று ஐம்பதில் தட்டக் கை எழவில்லை.
பென்சிலைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து,
தட்டினேன்.
ஒரு ஆட்டம். பாதி ஆட்டம். ஒன்றுமில்லை.
படபடத்ததெல்லாம்
வார்ப்பட்டிக்கு உள்ளேதான்.

நூற்று அறுபத்தைந்தில் எழுதிக்கொண்டு திரும்பினேன்.
நூற்று எண்பது வரை காகிதத்தில் அனுமதி உண்டு.
அதற்கு வேறொரு விடியல் வரும்.

இறங்கியதும் றோலண்ட் ஓடிவந்தான்.
"எவ்வளவு?"
சொன்னேன்.
"அவ்வளவுதானா?"
என்றவன், போய்
இடது சிவப்பைக் கையால் தடவிப் பார்த்தான்,
காய்ச்சல் விட்டதா என்று பார்ப்பது போல.

ஹாங்கர் மூலையில் சாயம் அரை டின் மிச்சம்.
கடையில் மருந்துக்கு ஒட்டுகிற லேபிள் ஒன்றை
அதன்மேல் ஒட்டிவைத்திருக்கிறேன்.
பாவிக்க முன் குலுக்கவும்.
கீழே, என் கையெழுத்தில்:
பாவித்த பின் நிறுக்கவும்.